‘நாங்க’ போறோமா, ‘நாம’ போறோமா?

(அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் மொழி உதவி ஆசிரியராகச் செல்ல விரும்பும் இளம் ஆசிரியர்களுக்கு மதுரையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வாசல்படியில் நின்றபடி கேட்கும் தம்பி தங்கைகளே, உள்ளே வாருங்கள். முன்வரிசையில் நாலைந்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. முன்னால் உட்கார்ந்தால் கேள்வி கேட்டுவிடுவார்கள் என்ற பயம் வேலைக்குப் போன பிறகும் நம்மை விடுவதில்லை, எனக்குத் தெரியும்.

அழைப்பிதழில் ‘அயல்நாட்டில் ஓராண்டு: மொழி உதவி ஆசிரியருக்கான ஆயத்தம்’ என்று போட்டிருக்கிறார்கள். பெட்டி எத்தனை கிலோ, குக்கரை எதில் சுற்றுவது, ஊறுகாயை விடுவார்களா என்று கேட்க வந்தவர்கள் இருப்பீர்கள். அதற்கும் வருகிறேன். ஆனால் அதைக் கடைசியில், அவசரமாகத்தான் சொல்வேன். அதற்கு முன் வேறொரு மூட்டையை அவிழ்க்க வேண்டும்.

ஒரு சின்னச் சோதனை. கல். பங்கு. பகல். மூன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னீர்களா? மூன்றிலும் அதே ககரம்தான். ஒலி ஒன்றா? கல்லில் அது அழுத்தமாக விழுகிறது. பங்கில் மூக்கொலிக்குப் பின்னால் அதிர்கிறது. பகலில் பாதி காற்றாகிப் போகிறது. இந்த விதியை உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அம்மாவா? வாத்தியாரா? யாரும் இல்லை. அது நம் நாக்கில் இருக்கிறது, நமக்கே தெரியாமல் இருக்கிறது.

நான் அமெரிக்காவுக்குப் போன முதல் வாரம் ஒரு மாணவி கேட்டாள்: “ஒரே எழுத்துதானே, எந்த இடத்தில் எப்படிப் படிப்பது?” நான் முதுகலை முடித்தவள், கல்லூரியில் மூன்று வருடம் பாடம் எடுத்தவள். என்ன பதில் சொன்னேன் தெரியுமா? “பழகப் பழக வந்துவிடும்.”

அவள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

தமிழ் பேசத் தெரிந்திருப்பது ஒன்று. தமிழே தெரியாத ஒருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அங்கிருந்து தமிழைப் பார்ப்பது இன்னொன்று. ஆயத்தம் என்று நான் சொல்வது இந்த இரண்டாவதை. இன்று நான் பேசப்போவதும் அதைத்தான்.

திட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் போனது ஃபுல்பிரைட் அயல்மொழி உதவி ஆசிரியர் திட்டத்தில். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கா வெளிநாடுகளில் விட்டுவந்த உபரிப் போர்த் தளவாடங்களை விற்ற பணத்தில் மாணவர்களைப் பரிமாறிக்கொள்ளலாம் என்று செனட்டர் ஃபுல்பிரைட் யோசனை சொன்னார். 1946-இல் அது சட்டமானது. 1950 பிப்ரவரியில் இந்தியாவோடு ஒப்பந்தம் ஆனது. அந்தப் பெரிய குடைக்குக் கீழே உதவி ஆசிரியர் திட்டம் ஒரு சிறு கம்பி. இருபதுகளில் இருக்கும் ஆசிரியர்களுக்கானது. ஆகஸ்டில் போய் மே மாதம் திரும்புவது. வாரத்துக்கு அதிகபட்சம் 20 மணி நேரம் மொழிப் பணி. அதோடு ஒவ்வொரு செமஸ்டரும் நீங்களும் மாணவராக இரண்டு பாடம் படிக்க வேண்டும். பட்டம் கிடையாது. காலை பத்து மணிக்கு வாத்தியார், மதியம் இரண்டு மணிக்குக் கடைசி பெஞ்ச்.

அமெரிக்காக்காரர்களுக்குத் தமிழ் எதற்கு? இந்தக் கேள்வியை என் பெரியப்பா பயணத்துக்கு முந்தின நாள் வரை கேட்டுக்கொண்டே இருந்தார். அதற்கு ஒரு வேடிக்கையான பதில் உண்டு. 1957 அக்டோபரில் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை வானத்தில் ஏவியது. அமெரிக்கா கலங்கிப்போய், அடுத்த ஆண்டே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் கொண்டுவந்தது. அறிவியலுக்குப் பணம், கணிதத்துக்குப் பணம், கூடவே உலக மொழிகளுக்கும் பணம். அந்தப் பணம் பாய்ந்த வாய்க்காலில் தெற்காசிய மொழிகளும் தண்ணீர் குடித்தன. சிகாகோ, பென்சில்வேனியா, பெர்க்லி, விஸ்கான்சின் என்று தமிழ் வகுப்புகள் வேர்பிடித்தன. ருஷ்யாக்காரன் விட்ட ராக்கெட், திருநெல்வேலிக்காரிக்கு வேலை கொடுத்தது என்று பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

சரி, வகுப்பறைக்குள் வருவோம். முதல் வகுப்பு. ஆறு பேர். நம் ஊரில் ஆறு பேர் என்றால் அன்றைக்கு பஸ் ஸ்டிரைக் என்று அர்த்தம். அங்கே அதுதான் முழு வகுப்பு. நான் நிமிர்ந்து நின்று, நெஞ்சில் தமிழ்த்தாயை நிறுத்தி, “நான் கடைக்குச் செல்கிறேன். நீங்கள் எங்கே செல்கிறீர்கள்?” என்று தொடங்கினேன். மூன்றாவதாக உட்கார்ந்திருந்த பெண் களுக்கென்று சிரித்தாள். அவளுடைய அப்பா அம்மா சென்னைக்காரர்கள், அவள் பிறந்தது அங்கே. “மேடம், எங்க பாட்டிகூட இப்டிப் பேச மாட்டாங்க. நீங்க டிவி நியூஸ் மாதிரி பேசறீங்க.”

அவள் சொன்னது நியாயமா இல்லையா? நியாயம்தான். இந்த மண்டபத்தில் யாராவது வீட்டில் ‘செல்கிறேன்’ என்று சொல்லிவிட்டு வெளியே போகிறீர்களா? ஆனாலும் பாடம் என்று எழுந்து நின்றால் நம் வாயில் செய்தி வாசிப்பவர் ஏறிக்கொள்கிறார்.

எழுதுவது ஒரு தமிழ், பேசுவது ஒரு தமிழ். நமக்கு இது மூச்சு விடுவது மாதிரி. வெளியிலிருந்து வருபவருக்கு இது ஒரே சம்பளத்தில் இரண்டு வேலை. ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்று புத்தகத்தில் படிக்கிறார், ‘வந்துட்ருக்காங்க’ என்று காதில் கேட்கிறார். இரண்டும் ஒன்றுதான் என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? நம்மைவிட வெளியாட்கள் இதை முன்பே கவனித்துவிட்டார்கள். வீரமாமுனிவர் செந்தமிழுக்கு ஒரு இலக்கணம், கொடுந்தமிழுக்கு ஒரு இலக்கணம் என்று லத்தீனில் தனித்தனியாக எழுதினார். பதினெட்டாம் நூற்றாண்டில்! நம் காலத்தில் பென்சில்வேனியாவில் ஹரால்ட் ஷிஃப்மன் பேச்சுத்தமிழுக்கென்றே ஒரு முழு இலக்கண நூல் எழுதினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் 1999-இல் வெளியிட்டது. என் பேச்சுக்கு இலக்கணம் இருக்கிறது என்பதே எனக்கு அந்தப் புத்தகத்தை அங்கே நூலகத்தில் எடுத்துப் புரட்டியபோதுதான் தெரிந்தது. நான் வாய்திறந்தால் வருவதை ஒரு அமெரிக்கர் பத்தி பத்தியாகப் பிரித்து வைத்திருக்கிறார். என் கைரேகையை இன்னொருவர் படிக்கிற மாதிரி ஒரு கூச்சம் வந்தது.

ஆகவே இரண்டாவது வாரம் செய்தி வாசிப்பவரை இறக்கிவிட்டுப் பேச்சுத்தமிழுக்கு வந்தேன். அதிலும் ஒரு வம்பு. எந்தப் பேச்சுத்தமிழ்? எனக்கு நாக்கில் இருப்பது நெல்லை. ஒரு மாதம் கழித்து, மீசை முளைத்த வெள்ளைக்காரப் பையன் ஒருவன், ‘ப்ரொஃபசர் வந்தாவ, பாடம் சொன்னாவ, போனாவ’ என்று சொன்னான். வகுப்புப் பொறுப்பாளரான பேராசிரியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, நாக்கைக் கடித்துக்கொள்ளவும் தோன்றியது. அவன் நாளைக்கு சென்னையிலோ கோவையிலோ போய் ‘வந்தாவ’ என்றால் கேட்பவர் புன்னகைப்பார், பதில் சொல்ல மறந்துவிடுவார். அதே வகுப்பில் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் ‘பேசுறேன்’ என்று சொல்ல மாட்டாள், ‘கதைக்கிறன்’ என்பாள். அவளுக்கு வீட்டுத் தேர்வில் நான் சிவப்பு மையால் திருத்தினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவளுடைய அம்மா பேசுகிற தமிழுக்கு நான் தப்பு போட்டிருக்கிறேன்! மறுநாள் அந்தத் தாளைத் திரும்ப வாங்கி, திருத்தத்தை அடித்துவிட்டு, ‘இதுவும் தமிழ்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

நீங்கள் இப்போதே செய்யக்கூடிய வேலை இரண்டு சொல்கிறேன். வீட்டில் சாப்பிடும்போது போனில் பத்து நிமிடம் ஒலிப்பதிவு போடுங்கள். சொல்லாமல் போட்டால் சண்டை வரும், சொல்லிவிட்டே போடுங்கள். பிறகு அதை உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். நீங்கள் பேசுவதாக நினைத்துக்கொண்டிருக்கிற தமிழும் உண்மையில் பேசுகிற தமிழும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று தெரியும். இரண்டாவது, இதே மதுரையில் அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் தமிழ்ப் பயிற்சி நடக்கிறது. கற்க வரும் மாணவர்கள் நம் தெருவில்தான் இளநீர் வாங்குகிறார்கள். அவர்களிடம் ஒருமுறை பேசிப் பாருங்கள். எங்கே தடுக்குகிறார்கள் என்று கவனியுங்கள்.

எங்கே தடுக்குகிறார்கள்? நாம் நினைக்கிற இடத்தில் இல்லை. ழகரம் வராது என்று பயந்துகொண்டு போனேன். ழகரம் அவர்களுக்கு அல்வா. ஆங்கில ‘ஆர்’ அவர்கள் வாயில் சுருண்டு கிடக்கிறது, அதிலிருந்து ழகரத்துக்கு நாலு எட்டுதான். நம் ஊரில் ‘வாளப்பளம்’ என்று கேட்டுப் பழகிய எனக்கு, அந்தப் பிள்ளைகள் ‘வாழைப்பழம்’ என்று சொன்னபோது மெய்சிலிர்த்தது. அவர்கள் தடுக்கியது ‘எனக்குத் தெரியும்’ என்ற இரண்டு சொல்லில். ‘நான்’ எங்கே போனது? ‘எனக்கு’ ஏன் வந்தது? எனக்குப் பசிக்கிறது, எனக்குப் பிடிக்கும், எனக்குக் காய்ச்சல், எனக்குத் தெரியும். ஒரு மாணவன் கேட்டான்: “தமிழில் எல்லாம் தானாக வந்து மனிதர்கள் மேல் விழுகிறதா?” யோசித்துப் பார்த்தால் அப்படித்தான். பசியை நாம் செய்வதில்லை, அது நமக்கு நேர்கிறது. இருபத்தேழு வயதில் என் மொழியைப் பற்றி எனக்கு இது தெரியவந்தது.

இனி, இந்த உரைக்கு நான் வைத்த தலைப்புக்கு வருகிறேன்.

அக்டோபர் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. வகுப்பு முடிந்ததும் அந்த மீசைக்காரப் பையன் என் மேசைக்கு வந்தான். மனப்பாடம் பண்ணி வைத்திருந்தது முகத்திலேயே தெரிந்தது. “மேடம், நாங்க இன்னிக்கி ராத்திரி சினிமாவுக்குப் போறோம். ஏழு மணி.” வினை சரி, வேற்றுமை சரி, காலம் சரி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “அப்டியா? நல்லது, போய்ட்டு வாங்க!” என்றேன். அவன் முகம் கொஞ்சம் சுருங்கியது. தலையாட்டிவிட்டுப் போனான்.

நான் அறைக்குப் போனேன். ரசம் வைத்தேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து சாப்பிட்டேன். இங்கே வந்து இரண்டு மாதமாகிறது, ஒரு பிள்ளைகூட வா என்று கூப்பிடவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். எட்டு மணிக்கு அந்தச் சென்னைப் பெண்ணிடமிருந்து செய்தி வந்தது. “மேடம், நாங்க அரை மணி நேரம் வாசல்ல வெய்ட் பண்ணோம். நீங்க வரலையா?”

புரிகிறதா? அவன் சொல்ல நினைத்தது ‘நாம’. சொன்னது ‘நாங்க’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். ‘நாம போறோம்’ என்றால் நீயும் உண்டு. ‘நாங்க போறோம்’ என்றால் நீ இல்லை. அந்தப் பாடத்தை நான் அதற்கு முந்தைய வாரம்தான் நடத்தியிருந்தேன். எப்படி நடத்தினேன்? கரும்பலகையில் ‘நாம் - முன்னிலை உளப்பாடு, நாங்கள் - முன்னிலை நீக்கம்’ என்று எழுதிப் போட்டேன். நன்னூல் படித்த கை! அந்தப் பையனுக்கு அதில் என்ன பிடிபட்டிருக்கும்?

திங்கட்கிழமை மேசை நாற்காலியை எல்லாம் ஓரம் தள்ளினேன். மூன்று பேரை ஒரு பக்கம் நிற்கவைத்து, அவர்கள் கையில் ஒரு பொட்டலம் முறுக்கு கொடுத்தேன். ‘நாங்க சாப்டுறோம்’ என்று சொன்னால் எதிரே நிற்பவருக்குக் கிடையாது. ‘நாம சாப்டலாம்’ என்று சொன்னால் பங்கு கொடுக்க வேண்டும். கால் மணி நேரத்தில் பொட்டலம் காலி, பாடமும் முடிந்தது. அதற்குப் பிறகு அந்த வகுப்பில் ஒருவரும் அதில் தவறவில்லை. அந்த வெள்ளிக்கிழமை மட்டும் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. என்ன படம் என்றுகூட நான் கேட்கவில்லை.

உதவி ஆசிரியர் என்ற பெயரில் ‘உதவி’ என்பதை மறந்துவிடாதீர்கள். பாடத்திட்டம் உங்களுடையது அல்ல. சில பேராசிரியர்கள் முழு வகுப்பையும் உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள். சிலர் மூலையில் உட்காரவைத்து உச்சரிப்புக்கு மட்டும் கூப்பிடுவார்கள். போவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்: எத்தனை வகுப்பு, யார் வினாத்தாள், யார் திருத்துவது, பேச்சா எழுத்தா. கேட்பது மரியாதைக் குறைவு என்று நாம் வளர்ந்திருக்கிறோம். அங்கே கேட்காதவரைத்தான் ஆர்வமில்லாதவர் என்று நினைக்கிறார்கள். இந்த உத்தியோகம் நமக்குப் புதிதும் இல்லை. 1812-இல் சென்னையில் தொடங்கிய கோட்டைக் கல்லூரியில் கும்பினி அதிகாரிகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர்கள் நம் புலவர்கள்தானே? அங்கே இருந்த தாண்டவராய முதலியார்தான் பஞ்சதந்திரத்தைத் தமிழ் உரைநடையாக்கியவர். செய்யுளில் மூழ்கிய புலவர், தமிழ் புதிதாகப் படிக்கிற துரைமார்களுக்கு எதிரே உட்கார்ந்தபோது என்ன பாடுபட்டிருப்பார் என்று நான் அங்கே பல இரவு நினைத்துக்கொண்டதுண்டு.

நான் செய்த பெரிய தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். முதல் தேர்வு முடிந்தது. தாள்களை மதிப்பெண் வரிசையில் அடுக்கி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எண்ணை உரக்கப் படித்துக் கொடுத்தேன். நம் ஊரில் அப்படித்தானே? முதல் மதிப்பெண்ணுக்குக் கைதட்டல், கடைசி ஆளுக்கு ஒரு முறைப்பு. நான்காவது பெயர் படிக்கும்போதே வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும். கடைசித் தாளை வாங்கியவர் முனைவர் பட்ட ஆய்வு மாணவர், என்னைவிட ஏழு வயது மூத்தவர். கல்வெட்டு படிக்க வேண்டும் என்று தமிழுக்கு வந்தவர். காது சிவந்துபோய் உட்கார்ந்திருந்தார். மதியம் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, கோபப்படாமல், கதவைச் சாத்திவிட்டு விளக்கினார். அங்கே 1974 முதல் ஒரு சட்டம் இருக்கிறது, ஃபெர்பா என்பார்கள். மாணவரின் சம்மதம் இல்லாமல் அவர் மதிப்பெண்ணைப் பிறர் அறியச் செய்யக் கூடாது. நான் படித்தது வெறும் எண் இல்லை, சட்டமீறல்! அந்த ஆய்வு மாணவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர், “எனக்குப் பரவாயில்லை” என்றார். பிறகு யோசித்து, “‘எனக்கு’ சரிதானே?” என்று கேட்டார்.

இனி பெட்டி. அவசரமாகச் சொல்கிறேன் என்றேனே. குளிர் அங்கிக்கு இங்கே பணம் செலவழிக்காதீர்கள். மதுரையில் கிடைக்கும் ஸ்வெட்டர் கொடைக்கானலுக்குத்தான் காணும். அங்கே போய் பழைய துணிக்கடையில் வாங்குங்கள். டிஎஸ்-2019 படிவத்தைக் கைப்பையில் வையுங்கள், சரக்குப் பெட்டியில் போட்டால் விமான நிலையத்தில் அழுவீர்கள். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதற்குப் பிறகு வடக்கு மாநிலங்களில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். அந்த இருட்டைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன். சாயங்காலம் ஆனால் அறையில் இருக்காதீர்கள், நூலகத்துக்குப் போங்கள். தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். மிளகாய் வற்றல் கருகிய புகைக்கு அபாய மணி அடித்து, நான்கு மாடிக்காரர்களும் பனியில் வந்து நின்றார்கள். நானும் கரண்டியோடு நின்றேன். மறுநாள் அதையே பாடமாக்கினேன்: தாளி, வதக்கு, வறு, பொரி, அவி. இத்தனைக்கும் தனித்தனிச் சொல்லா என்று வியந்தார்கள். கருக்கு என்பதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள் சென்னைப் பெண்.

போகிறவர்கள் திரும்ப வேண்டும் என்பதும் இதில் உண்டு. ஜே-1 விசாவில் இந்தத் திட்டத்தில் போகிறவர்கள், முடிந்தபின் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும். அதற்குள் எச்-1பி வேலை விசாவோ குடியேற்ற விசாவோ கிடையாது. இதை ஒரு தண்டனையாக நினைத்துக் கிளம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். கையெழுத்துப் போடும்போதே தெரிந்து போடுங்கள். விடைபெறும்போது ‘போறேன்’ என்று சொல்லாதே, ‘போய்ட்டு வர்றேன்’ என்று சொல் என நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அதை அவர்கள் விசாவில் எழுதி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். என் மாணவர்களுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தேன். போகும்போது ஏன் வருகிறேன் என்கிறீர்கள் என்று கேட்டார்கள். இந்த முறை நான் ‘பழகப் பழக வந்துவிடும்’ என்று சொல்லவில்லை.

ஜூனில் என் பழைய கல்லூரியில் மறுபடி சேர்ந்தேன். இரண்டாம் ஆண்டு இளங்கலை, அறுபத்திரண்டு பேர். முதல் மாதிரித் தேர்வு முடிந்ததும், மதிப்பெண்ணை உரக்கப் படிக்க மாட்டேன் என்று முடிவுசெய்தேன். அறுபத்திரண்டு தாளையும் மதிப்பெண் உள்ளே போகும்படி மடித்தேன். பெயரை மட்டும் வெளியே எழுதி, அவரவர் கையில் சத்தமில்லாமல் கொடுத்தேன். கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன். பிரித்த பிள்ளைகள் எல்லோரும் பக்கத்து பெஞ்சுக்கு எட்டி, “ஏய், ஒனக்கு எவ்ளோ? ஒனக்கு எவ்ளோ?” என்று ஒரே கூச்சல். ஐந்து நிமிடத்தில் வகுப்பு முழுக்க யாருக்கு எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கடைசி பெஞ்சில் ஒரு பெண் மட்டும் தாளைப் பிரிக்காமல் அப்படியே புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.